கிராணி ஐயாவின் 125 விழுக்காடு

"மெனுவுல உபயம் பதியுற இடத்தையே காணோம்மா. பையனுங்க எல்லாம் இருக்கு இருக்குங்கிறாங்க. எனக்கு மட்டும்தான் இல்ல. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு போல."

கிராணி ஐயா ஒரு வியாழக்கிழமை இரவு போனில் இப்படித்தான் தொடங்கினார். வேலையை விட்டுப் பல வருடம் ஆகியும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர். தோட்டத்து ஆபீசில் செக்ரோல் என்ற ஆள் வருகைப் பதிவேட்டை எழுதியவர், எங்கள் அப்பா அம்மா இருவரின் சம்பளக் கணக்கையும் பார்த்தவர். இன்று எங்கள் மாரியம்மன் கோயிலின் செயலாளர்.

அந்தக் கோயிலுக்கு இணையத்தளம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இல்லை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் இல்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை இல்லை. ரப்பர் மரங்கள் போன பிறகு ஆட்களும் கிள்ளான், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று 1960-இல் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். எங்கள் தோட்டத்துக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. மிஞ்சியது கோயில் ஒன்றுதான். அதையும் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்துக்கு மாற்றிக் கட்டினோம். வருடத்துக்கு ஒரு தடவை தீமிதிக்கு எல்லாரும் வந்து சேர்வார்கள். வர முடியாதவர்கள் ஒரு நாள் உபயத்தையாவது எடுத்துக்கொள்வார்கள். ஒரு குடும்பம் உபயம் எடுப்பதை நிறுத்திவிட்டால், அந்தக் குடும்பம் எங்களை விட்டுப் போய்விட்டது என்று கிராணி ஐயா கணக்கு வைத்திருக்கிறார். அதனால் "உபயதாரர் பதிவு" என்ற அந்த ஒரு சொல் மெனுவில் தெரியவில்லை என்றால் அவருக்குத் தூக்கம் வராது.

நான் ஈப்போவில் இணையத்தள வேலை பார்க்கிறேன். கோயில் தளத்தைச் செய்தது நான் இல்லை. ஊர்ப் பையன் ஒருவர் காசு வாங்காமல் செய்து கொடுத்தது. போனிலேயே நானும் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். பிரௌசர் சேமித்து வைத்திருக்கும் பழைய கோப்புகளை, அதாவது கேஷை, அழித்தீர்களா, வேறு பிரௌசரில் திறந்து பார்த்தீர்களா. எல்லாம் செய்தாகிவிட்டதாம். குரோமை எடுத்துவிட்டுத் திரும்பவும் போட்டார்களாம். எட்ஜில் திறந்தால் பதிவு தெரிகிறதாம், குரோமில் இல்லையாம். "உங்க குரோம்தான் சரியில்ல ஐயா, எட்ஜையே வச்சுக்குங்க" என்று சொல்லிப் பையன்கள் போய்விட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் போனேன். "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தோசையை வைத்தார்கள் அவர் வீட்டம்மா. மேசையில் பழைய மடிக்கணினி. திரை 1366-க்கு 768 பிக்சல், அதாவது திரைப் புள்ளி. குரோமில் கோயில் பக்கம் திறந்திருந்தது. ஆறு சொற்கள் வரிசையாக இருந்தன: முகப்பு, ஆலய வரலாறு, நிர்வாகக் குழு, திருவிழா நிகழ்ச்சிகள், படத்தொகுப்பு, தொடர்புக்கு. ஏழாவது இல்லை. மெனுவுக்குக் கீழே கும்பாபிஷேகப் படங்கள் ஒன்று மாற்றி ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. என் மடிக்கணினியில் அதே பக்கத்தைத் திறந்தேன். ஏழும் இருந்தது.

எஃப்12 விசையை அழுத்தினேன். பக்கம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று ஆராயும் பலகை வலது பக்கம் திறந்துகொண்டது. உடனே மெனு முழுவதும் மறைந்து, தொட்டால் மெனு விரியும் மூன்று கோடு வந்தது. இது பலரைத் திசைதிருப்பும் இடம். பலகை வலது பக்கம் திறந்தால் பக்கத்துக்கு மிஞ்சும் அகலம் குறைகிறது, தளம் தன்னைக் கைப்பேசியில் திறந்ததாக நினைத்துக்கொள்கிறது. கோளாறைப் பார்க்கப் போய்க் கோளாறையே கலைத்துவிடுகிறோம். பலகையைக் கீழே மாற்றி வைத்தேன். ஆறு சொல் மெனு திரும்ப வந்தது.

பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதியிருக்கும் எச்டிஎம்எல்லில் ஏழாவது சொல் இருந்தது. சுட்டியை அதன் மேல் கொண்டு போனதும் பக்கத்தில் ஒரு நீலப் பெட்டி எரிந்தது. மெனு வரிசையில் இல்லை, அதற்குக் கீழே, கும்பாபிஷேகப் படம் இருக்கும் இடத்தில், இடது ஓரத்தில். "ஐயா, இங்க பாருங்க. இருக்கு. படத்துக்கு அடியில இருக்கு" என்றேன். நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார். "அப்ப என் கம்ப்யூட்டர் மேல தப்பில்லையா?" என்று கேட்டார். இரண்டு வாரமாக அவரைத் தின்றுகொண்டிருந்த கேள்வி அதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். ஏன் கீழே விழுந்தது? விழுந்தது ஏன் படத்துக்கு அடியில் போனது?

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், அது சுருக்கமானது. நகரும் படங்களை நகர்த்துவது டிரான்ஸ்ஃபார்ம் என்ற கட்டளை; பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியில் அது ஒன்று. அந்தக் கட்டளை போட்ட எந்தப் பொருளையும் பிரௌசர் சாதாரணப் பொருள்களுக்கு மேல் அடுக்கில் வைத்து வரையும். மெனு சாதாரணப் பொருள். ஆகவே மெனுவின் எந்தப் பகுதி தன் எல்லையைத் தாண்டிக் கீழே இறங்கினாலும் படம் அதை மூடிவிடும். இதை யாரோ முன்பே கவனித்திருக்கிறார்கள். மெனுவின் விதியில் இசட்-இண்டெக்ஸ் 9999 என்று எழுதியிருந்தது; எது எதற்கு மேலே வர வேண்டும் என்று சொல்லும் எண் அது. எவ்வளவு பெரிய எண் போட்டாலும் இந்த இடத்தில் அது வேலை செய்யாது. பொசிஷன் என்ற விதி ரிலேட்டிவ் அல்லது அதுபோல ஏதாவதாக இருந்தால்தான் இசட்-இண்டெக்ஸுக்கு மதிப்பு; ஃபிளெக்ஸ், கிரிட் என்ற அடுக்கும் முறைகளுக்கு நேர் உள்ளே இருக்கும் பொருள்களுக்கு மட்டும் விலக்கு. இங்கே பொசிஷன் எழுதப்படவே இல்லை. பிரௌசர் அந்த 9999-ஐப் படித்துவிட்டுப் பேசாமல் போய்விட்டது. சிஎஸ்எஸ்ஸில் பயன் இல்லாத விதிக்குப் பிழைச்செய்தி வராது, அதுதான் அதில் கடினம்.

முதல் கேள்விதான் என்னை அரை நாள் உட்கார வைத்தது. சொற்கள் ஃபுளோட் முறையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்தன. மெனுவின் உயரம் 48 பிக்சல் என்று கட்டிப்போடப்பட்டிருந்தது. அகலம் போதாமல் கடைசிச் சொல் இரண்டாவது வரிசைக்கு இறங்கினால் அதற்கு அங்கே இடம் இல்லை, வெளியே தொங்கும். அதுவரை புரிகிறது. ஆனால் 1366 பிக்சல் திரையில் ஏன் அகலம் போதவில்லை? ஏழு சொல்லையும் இடைவெளியோடு அளந்து கூட்டினேன். 1,130 பிக்சல் வந்தது. தாராளமாகக் கொள்ள வேண்டும்.

பலகையில் பக்கத்தின் அகலத்தைப் பார்த்தேன். 1366 இல்லை. 1,080-ஐ ஒட்டி ஒரு எண். அப்போதுதான் வந்ததிலிருந்து கண்ணில் பட்டும் மனதில் பதியாத ஒன்று பதிந்தது. எழுத்துகள் பெரியவை.

"ஐயா, எழுத்தைப் பெரிசாக்கி வச்சிருக்கீங்களா?"

"ஆமாம்மா. பேத்திதான் செஞ்சு கொடுத்தா. கண்புரை ஒரு கண்ணுக்குத்தான் எடுத்திருக்கு, இன்னொண்ணு வரிசையில நிக்குது."

குரோமில் பெரிதாக்கம் 125 விழுக்காடு. 1366-ஐ 1.25-ஆல் வகுத்தால் 1,093. ஸ்க்ரோல்பாருக்குக் கொஞ்சம் போக 1,080 சொச்சம். மெனுவுக்கு வேண்டியது 1,130. கடைசிச் சொல் விழுந்தது. குரோம் இந்தப் பெரிதாக்கத்தைத் தளம் தளமாக நினைவில் வைத்திருக்கும். கேஷை அழித்தாலும் அது போகாது. எட்ஜில் பேத்தி பெரிதாக்கவில்லை, அதனால் அங்கே சரியாகத் தெரிந்தது. கைப்பேசியில் மூன்று கோடு மெனு வருவதால் அங்கேயும் சரி. 110 விழுக்காட்டில் வைத்துப் பார்த்தேன், சரி. 150-இல் வைத்தேன், அகலம் இந்தத் தளத்தின் எல்லையான 992-க்குக் கீழே போய் மூன்று கோடு வந்துவிட்டது, அதுவும் சரி. நடுவில் 125-இல் மட்டும் உபயம் படத்துக்கு அடியில் போகிறது. சோதித்த யார் கண்ணிலும் படாததற்குக் காரணம் இதுதான்.

கண்ட்ரோலையும் பூஜ்யத்தையும் சேர்த்து அழுத்தினேன். 100 விழுக்காடு. "உபயதாரர் பதிவு" வரிசையின் கடைசியில் வந்து நின்றது.

கிராணி ஐயா குனிந்தார், கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். "இப்ப லிங்க் இருக்கும்மா. ஆனா என்னால படிக்க முடியலையே" என்றார்.

அந்த வார்த்தையை இந்த வேலையில் இருக்கும் எல்லாரும் ஒரு தடவையாவது நேரில் கேட்க வேண்டும். 100 விழுக்காட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நான் கிளம்பியிருக்கலாம். பையன்கள் சொன்ன "எட்ஜையே வச்சுக்குங்க"வும் அதேதான். பெரிதாக்கிப் படிப்பது கெட்ட பழக்கம் இல்லை. இணையத்தின் பொது விதிகளை வகுக்கும் அமைப்பு 2008-இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டி, எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கினாலும் உள்ளடக்கமும் வேலையும் கெடக்கூடாது என்கிறது. 2018-இல் வந்த அடுத்த பதிப்பு இன்னும் தூரம் போய், 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் இழுக்காமல் படிக்க முடிய வேண்டும் என்று கேட்கிறது. 1,280 பிக்சல் திரையை 400 விழுக்காடு பெரிதாக்கினால் வருவது அந்த 320. கிராணி ஐயா கேட்டது வெறும் 125.

அவர் ஒருவருக்கு மட்டும்தானா என்ற கேள்வியும் இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வீட்டம்மா அடுக்களையிலிருந்து சொன்னார்: "சிங்கப்பூர்ல இருக்குற நாத்தனாரும் அதையேதான் சொன்னாங்க. ஐபேட்ல பார்த்தாங்களாம், பதியுற இடம் இல்லன்னு இந்த வருஷம் விட்டுட்டாங்க." ஐபேடைப் படுக்க வைத்தால் பழைய வகைகளின் அகலம் 1,024. அதற்குப் பின் வந்த ஒன்றுக்கு 1,080. இரண்டுமே 992-க்கு மேல், 1,130-க்குக் கீழ். நிமிர்த்திப் பிடித்திருந்தால் மூன்று கோடு வந்திருக்கும், பதிவு கிடைத்திருக்கும். அவர் படுக்க வைத்துப் பார்த்தார். கிராணி ஐயா எழுந்து போய் உபயப் பதிவேட்டைக் கொண்டு வந்தார். நாத்தனார் குடும்பத்தின் வரியில் இந்த வருடம் காலியாக இருந்தது. பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும்.

இந்தத் தளம் எந்த அச்சில் வார்க்கப்பட்டது என்று தேடிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் கிடைக்கும் இலவச வார்ப்பு (டெம்ப்ளேட்). அதன் மாதிரிப் பக்கத்தில் மெனு: ஹோம், அபௌட், ஈவண்ட்ஸ், டீம், கேலரி, காண்டாக்ட். ஆறும் குட்டிச் சொற்கள். அந்த அகலத்துக்கு 992 என்ற எல்லை சரியாகவே இருந்திருக்கும். நாம் அதில் "திருவிழா நிகழ்ச்சிகள்" என்று எழுதினோம். அந்த ஒரு சொற்றொடர் மட்டும் நான் அளந்தபோது 175 பிக்சல். "ஹோம்" என்பதற்கு ஆங்கிலத்தில் 50 கூட ஆகாது. தமிழ்ச் சொல் நீளமானது என்பது குறை இல்லை. வேற்றுமை உருபும் பன்மையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வது நம் மொழியின் கட்டு. தமிழ் மெனுவைத் தமிழில் அளந்து பார்க்காததுதான் குறை. மலாயில் எழுதியிருந்தாலும் இதே நிலைதான், "லாமான் உத்தாமா"வும் "ஹுபுங்கி காமி"யும் ஆங்கிலத்தை விட நீளம்.

எழுத்துருவும் சேர்ந்துகொண்டது. வார்ப்பில் குறிப்பிட்டிருந்த எழுத்துருவில் தமிழே கிடையாது. அப்படி இருந்தால் ஒவ்வொரு கருவியும் தன்னிடம் உள்ள தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். புது விண்டோஸில் நிர்மலா, பழையதில் லதா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஆப்பிளில் வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் அகலம் வேறு. ஒரே மெனு ஒரு கருவியில் அடங்கி இன்னொன்றில் வழிவதற்கு இது மட்டுமே போதும். தமிழ் எழுத்து கணினியில் வர மலேசியாவிலிருந்தே பெரும் உழைப்பு போயிருக்கிறது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் 1985-இல் தொடங்கியது, அவருடைய இணைமதி எழுத்துரு மேக் கணினிகளோடு சேர்ந்தே வந்தது. திரையில் தமிழ் வருமா என்று ஏங்கிய காலம் போய், வந்த தமிழுக்கு மெனுவில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும் காலத்தில் இருக்கிறோம். முதல் வேலையைச் செய்தவர்கள் அவ்வளவு பாடுபட்டார்கள். இரண்டாவது வேலைக்கு ஓர் அளவுகோல் போதும். அதைக்கூடச் செய்யாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

சரி, செய்தது என்ன? சுலபமான வழி ஒன்று இருந்தது. சொற்களின் இரு பக்கமும் 20 பிக்சல் இடைவெளி. அதை 12 ஆக்கினால் மொத்தம் 1,018-க்கு வந்துவிடும், கிராணி ஐயாவின் திரையில் கொள்ளும். வேண்டாம் என்று விட்டேன். அடுத்த வருடம் எட்டாவது சொல் ஒன்று சேர்ப்பார்கள், வேறு எழுத்துருவில் திறப்பார்கள், திரும்பவும் யாருடைய உபயமாவது அடியில் போகும்.

ஃபுளோட்டை எடுத்துவிட்டு ஃபிளெக்ஸ் போட்டேன், இடம் போதாவிட்டால் அடுத்த வரிசைக்கு இறங்கலாம் என்ற அனுமதியோடு. உயரம் 48 என்பதைக் குறைந்தபட்ச உயரம் 48 என்று மாற்றினேன். இரண்டாவது வரிசை வந்தால் மெனு வளரும், படங்கள் தாமே கீழே தள்ளிக்கொள்ளும். 9999-ஐ அழித்துவிட்டு, பொசிஷனுக்கு ரிலேட்டிவும் இசட்-இண்டெக்ஸுக்கு 10-உம் எழுதினேன். நோட்டோ தமிழ் எழுத்துருவைத் தளத்திலேயே ஏற்றி வைத்தேன், இனி எல்லாக் கருவியிலும் ஒரே அகலம்.

மூன்று கோடு வரும் எல்லையை 992-இலிருந்து 1,200-க்கு உயர்த்துவோமா என்று ஐயாவிடம் கேட்டேன். அப்படிச் செய்தால் அவர் திரையில் ஏழு சொல்லும் அந்தக் கோட்டுக்குள் போய்விடும். அவர் யோசிக்கவே இல்லை. "அந்த மூணு கோடு எனக்குத் தெரியும். இவளுக்குத் தெரியாது. சொல்லு வெளியில இருக்கட்டும், ரெண்டு வரிசையானா என்ன?" எல்லையை அப்படியே விட்டேன். கைப்பேசியில் வரும் மூன்று கோட்டுக்குப் பக்கத்தில் "மெனு" என்று தமிழில் எழுதினேன். "உபயதாரர் பதிவு" கடைசி இடத்தை விட்டு முகப்புக்கு அடுத்த இடத்துக்கு வந்தது. ஒன்று வழிந்து இறங்கத்தான் வேண்டும் என்றால் "தொடர்புக்கு" இறங்கட்டும்.

ஏற்றி முடித்தபோது மாலை ஐந்து. கிராணி ஐயாவின் குரோமில் ஒன்றும் மாறவில்லை. பழைய சிஎஸ்எஸ் கோப்பைப் பிரௌசர் சேமித்து வைத்திருந்தது. அவரிடம் கண்ட்ரோலும் எஃப்5-உம் அழுத்தச் சொன்னால் போதும், ஆனால் கிள்ளானிலும் ஜொகூரிலும் இருப்பவர்களிடம் யார் போய்ச் சொல்வது? கோப்பின் முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டுப் பதிப்பு எண் ஒன்றைச் சேர்த்தேன். பிரௌசருக்கு அது புதுக் கோப்பு. எல்லாருக்கும் தானாக மாறிவிடும்.

பக்கம் திரும்பத் திறந்தது. 125 விழுக்காடு. மெனு இரண்டு வரிசை, படங்கள் ஒரு வரிசை கீழே இறங்கி நின்றன. முகப்புக்கு அடுத்து "உபயதாரர் பதிவு", பெரிய எழுத்தில். ஐயா அதை வாய்விட்டுப் படித்தார். அப்புறம் முதல் வேலையாகச் சிங்கப்பூருக்குப் போன் போட்டார்.

நான் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரு தாளை எடுத்துக் கோடு கிழித்தார். செக்ரோல் போலவே, ஸ்கேல் வைத்து, நேர் நேராக. மேலே 100, 110, 125, 150, 175, 200 என்று தலைப்பு. இடது பக்கம் ஏழு சொற்களும் வரிசையாக. கண்ட்ரோலையும் கூட்டல் குறியையும் அழுத்தி, ஒவ்வொரு அளவிலும் ஒவ்வொரு சொல்லாகச் சொடுக்கி, பக்கம் திறந்தால் ஒரு குறி போட்டார். 175 வரை எல்லாக் கட்டமும் நிறைந்தது. 200-இல் பதிவுப் படிவம் திறந்தது, ஆனால் "சமர்ப்பி" பொத்தானின் பாதி வெளியே போயிருந்தது. அந்தக் கட்டத்தில் குறி போடாமல் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பையைக் கீழே வைத்து, மடிக்கணினியைத் திரும்பத் திறந்தேன்.